வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: திடீர்க் குளிரில் நேற்று இரவு 17 டிகிரிதான். இட்லி மாவு பொங்கவில்லை, தயிரும் உறையவில்லை. சோடா உப்பு போடலாமா? (வாசகி, வேலூர்)

பதில்: சோடா உப்பு வேண்டாம். அது இட்லியை உப்பவைக்கும், புளிப்பைத் தராது. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 28 முதல் 32 டிகிரி வெப்பம் தேவை. குளிரில் அவை சாவதில்லை, வேகம்தான் குறைகிறது. அதனால் பொங்காத மாவைக் கொட்டிவிடாதீர்கள்.

ஊறவைக்கும்போதே 1 தேக்கரண்டி வெந்தயம் சேருங்கள். கடைசியில் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, கையால் நன்றாகக் கலக்குங்கள். உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும், அதைக் காலையில் போட்டால் போதும். கை பொறுக்கும் சூட்டில் நீர் நிரப்பிய அகலப் பாத்திரத்தில் மாவுப் பாத்திரத்தை இறக்கி, கம்பளியால் மூடிவையுங்கள். 12 முதல் 14 மணி நேரம் ஆகும். கொதிநீர் கூடவே கூடாது. ஓரத்து மாவு வெந்துவிடும்.

தயிரில் நடக்கும் தவறு வேறு. கோடையில் போலவே பாலை நன்றாக ஆறவிட்டு உறை ஊற்றுகிறோம். குளிர்ந்த எவர்சில்வர் பாத்திரம் மிச்சச் சூட்டையும் இழுத்துக்கொள்கிறது. விரல் வைத்தால் நன்றாகச் சுடவேண்டும், ஆனால் பொறுக்கவேண்டும். அதுதான் பதம், சுமார் 43 டிகிரி. 1 லிட்டருக்கு 2 தேக்கரண்டி உறை. ஹாட்பேக்கில் ஊற்றி, அசைக்காமல் வையுங்கள்.

கேள்வி: குழந்தை தூங்கும் அறையில் கரி அடுப்பு வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும்; அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.