டிசம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து ஒயின் கன்ட்ரிக்கு: தயவுசெஞ்சு 4 மணிக்கு கிளம்பாதீங்க

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல இருக்கோம். கிறிஸ்மஸ் லீவுக்கு சாண்டா ரோசால இருக்கற அக்கா வீட்டுக்கு எங்க மினிவேன்லயே போலாம்னு பிளான். ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா (71), அம்மா (66), 6 வயசு பையன், நாங்க ரெண்டு பேர். விடியக்காலை 4 மணிக்கு கிளம்பி ஐ-5 ஹைவேல ஒரே மூச்சா போயிடலாமா? அப்பா நடுவுல கொஞ்ச நேரம் நானும் ஓட்டறேங்கறார், சரி வருமா? அத்தான் நாபால ரெண்டு மூணு ஒயினரி கூட்டிட்டுப் போறேன்னு இருக்கார், அதுல என்ன பாத்துக்கணும்?

பதில்:

அந்த 4 மணிய முதல்ல பேசிடுவோம், உங்க பிளான்ல எனக்கு கவலையா இருக்கறது அதுதான். வெயில் காலத்துல 4 மணிக்கு கிளம்பறது நல்ல யோசனை. டிசம்பர்ல அதே யோசனை உங்கள கொண்டு போய் மோசமான நேரத்துல மோசமான இடத்துல விட்டுடும். கணக்கு போட்டுப் பாருங்க, 4 மணிக்கு கிளம்பினா கிரேப்வைன் மலைய இருட்டுலயே ஏறி இறங்கி ஐஞ்சரை மணி வாக்குல சென்ட்ரல் வேலி சமவெளிக்கு வந்துடுவீங்க, அங்க இருந்து 9 மணி வரைக்கும் நீங்க ஓட்டப்போற ரோடு மொத்தமும் டூலி ஃபாக் (தரையோட படியற அடர்த்தியான மூடுபனி) எறங்கற ரோடு. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் அங்க இது வழக்கம். மழை பெஞ்சு மண்ணு ஈரமா இருக்கும், ராத்திரி நீளம், காத்து அசையாது, ஒரு பக்கம் சியரா நெவாடா இன்னொரு பக்கம் கடலோர மலைத்தொடர்னு நடுவுல குளிர்ந்த காத்து எங்கயும் போக வழியில்லாம தரையோட தேங்கி நிக்கும். விடியக்காலையும் அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரமும்தான் உச்சம். முன்னாடி போற லாரியோட டெயில் லைட் கிட்ட போனாதான் தெரியும். 2007 நவம்பர்ல ஃப்ரெஸ்னோ பக்கத்துல 99ம் நம்பர் ஹைவேல இந்த ஃபாக்ல 100க்கு மேல வண்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு மோதி உயிரும் போச்சு. குழந்தையையும் பெரியவங்களையும் வச்சுக்கிட்டு அந்த நேரத்துல அங்க இருக்கவே வேண்டாம்.

அதனால நான் சொல்றது: போகும்போது 101ம் நம்பர் ஹைவேல ரெண்டு நாளா போங்க, திரும்பும்போது ஐ-5ல ஒரே நாள்ல வந்துடுங்க.

101 சுமார் 50 மைல் கூடுதல், உண்மைதான். ஆனா வழி பூரா ஊரு இருக்கு, பாத்ரூம் இருக்கு, ஒரு அவசரம்னா ஆஸ்பத்திரி இருக்கு, சாண்டா பார்பரா பக்கம் கடல ஒட்டியே போகும், சென்ட்ரல் வேலில வர்ற அளவுக்கு ஃபாக் தொல்லையும் கிடையாது. காலைல ஆஃபீஸ் டிராஃபிக் அடங்கினப்புறம் 10 மணிக்கு கிளம்புங்க. கலாபாசஸ் வழியாத்தான் 101 போகுது, அம்மாவுக்கு மார்கழில பெருமாளப் பாக்கணும்னு இருந்தா மாலிபு வெங்கடேஸ்வரா கோயில் அங்க இருந்து கொஞ்ச தூரம்தான், பாத்துட்டே போலாம். ராத்திரிக்கு பாசோ ரோபிள்ஸ்ல தங்குங்க, லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து 200 மைல் சொச்சம், வழக்கமா நாலு மணி நேர ஓட்டம். டிசம்பர் கடைசில 5 மணிக்கெல்லாம் இருட்டிடும், அதுக்குள்ள ரூமுக்குள்ள போயிடணும்னு வச்சுக்கோங்க. (பாசோ ரோபிள்ஸும் ஒயின் ஊருதான், அங்கயும் திராட்சை தோட்டம் ஏக்கர் கணக்குல இருக்கு.)

மறுநாள் எட்டரைக்கு கிளம்பினா 11 மணி வாக்குல சான் ஹோசே, அங்க 280 பிடிச்சு சான் ஃபிரான்சிஸ்கோ, அப்புறம் கோல்டன் கேட் பாலம். பாலம் தாண்டின உடனே வலது பக்கம் விஸ்டா பாயிண்ட் இருக்கு, வடக்க போற வண்டிங்க நேரா உள்ள போலாம், பார்க்கிங் கிடைச்சா அப்பா அம்மாவ இறக்கி நிதானமா காட்டுங்க. அங்க இருந்து சாண்டா ரோசா 50 மைல் சொச்சம், மதியம் ரெண்டு ரெண்டரைக்கு அக்கா வீட்ல சாப்பாடு. மேப்புல அழகா இருக்குன்னு பிக் சர் வழியா ஹைவே 1 மட்டும் எடுத்துடாதீங்க, மழைக்காலத்துல மண்ணு சரிஞ்சு அடிக்கடி மூடிடுவாங்க, அந்த வளைவுகள்ல பெரியவங்களுக்கு தலை சுத்தும்.

இன்னொரு லாபம், டோல். கோல்டன் கேட்ல தெற்க வர்ற வண்டிக்கு மட்டும்தான் டோல், வடக்க போறது ஃப்ரீ. ரிச்மண்ட் சான் ரஃபேல் பாலத்துல மேற்க போறவங்களுக்கு மட்டும்தான். நீங்க ஐ-5, 580னு போயிருந்தா இந்த ரெண்டாவது பாலத்துல காசு கட்டிட்டுத்தான் சாண்டா ரோசா போயிருப்பீங்க, நான் சொல்ற மாதிரி 101ல போயி 580ல திரும்பினா ரெண்டு பாலமும் ஃப்ரீ பக்கத்துலயே தாண்டறீங்க. எதுக்கும் ஃபாஸ்ட்ராக் (டோல் காசு தானா கழியற கருவி) வச்சுக்கோங்க, வழி மாறினா உதவும், அங்க எந்த பாலத்துலயும் காசு வாங்க ஆள் கிடையாது.

அப்பா ஓட்டற விஷயம். சட்டப்படி தடையில்ல, விசிட்டரா வந்திருக்கவர்கிட்ட காலாவதி ஆகாத இந்திய லைசென்ஸ் இருந்தா கலிஃபோர்னியால ஓட்டலாம். ஆனா உங்க இன்ஷூரன்ஸ் கம்பெனிய கூப்பிட்டு அவர் ஓட்டினா கவர் ஆகுமான்னு கேக்காம சாவியக் குடுக்காதீங்க. என் அபிப்பிராயம், இந்த டிரிப்ல வேண்டாம். அவர் நல்லாத்தான் ஓட்டுவார், ஆனா வாழ்நாள் பூரா இடது பக்கம் ஓட்டினவர் முதல் தடவையா வலது பக்கம் ஓட்டறது லீவு நெரிசல்ல, 65 மைல் வேகத்துல, மழையிலயா இருக்கணும்? மறுக்கறது அவர் மனசுக்கு கஷ்டமா இருக்கும், அதனால முன் சீட்ல உக்கார வச்சு மேப் பாக்கற பொறுப்ப அவர்கிட்ட குடுங்க. நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டினா ரெண்டு நாளைக்கு தாராளமா போதும். ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தி அப்பா அம்மாவ நடக்க வைங்க, வேணாம்னுதான் சொல்வாங்க, அத கேக்காதீங்க, ரொம்ப நேரம் அசையாம உக்காந்தா கால் வீங்கும், ரத்தம் கட்டற ஆபத்தும் இருக்கு. பிபி சுகர் மாத்திரை டிக்கில வேண்டாம், கைப்பைல இருக்கட்டும். பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்காம வருவாங்க, அதையும் கவனிங்க.

பையனுக்கு 8 வயசு ஆகற வரைக்கும், இல்ல 4 அடி 9 அங்குலம் வளர்ற வரைக்கும், பின் சீட்ல பூஸ்டரோ கார் சீட்டோ கட்டாயம். இத எல்லாரும் சொந்த வண்டில ஒழுங்கா பண்ணுவாங்க, அங்க போயி அத்தான் கார்ல ஏறும்போதுதான் பக்கத்துல தானேன்னு மடில வச்சுக்குவாங்க. பூஸ்டர எடுத்து அந்த கார்ல மாட்டுங்க.

இனி ஒயினரி. நாபால 1990ல கொண்டு வந்த கவுன்டி சட்டத்துக்கு அப்புறம் ஆரம்பிச்ச ஒயினரிங்கள்ல டேஸ்ட்டிங்குக்கு முன்கூட்டியே அப்பாயின்ட்மென்ட் வேணும், பழைய இடங்க பலதும் இப்ப புக்கிங்தான் கேக்குது. 25ம் தேதி பெரும்பாலும் மூடியிருக்கும், 24 சீக்கிரம் அடைப்பாங்க, 26க்கு மேல புக் பண்ணுங்க. புக் பண்றப்பவே குழந்தைய உள்ள விடுவாங்களான்னு கேளுங்க, நிறைய இடத்துல விட மாட்டாங்க. பெரும்பாலான இடத்துல வெளி சாப்பாட்டுக்கும் அனுமதி கிடையாது, புளியோதரைய வழியிலயே முடிச்சுடுங்க.

குடிக்கறவங்க எல்லாரும் தப்பா போடற கணக்கு ஒண்ணு இருக்கு. ஒரு டேஸ்ட்டிங்ல அஞ்சு ஒயின், ஒவ்வொண்ணும் ஒண்ணரை அவுன்ஸ்னு வச்சா ஏழரை அவுன்ஸ். நாபா கேபர்னேல (அங்கத்த சிவப்பு ஒயின்) ஆல்கஹால் 14.5 சதவீதம் சாதாரணம், அப்படிப் பாத்தா ஒரு இடத்துலயே கிட்டத்தட்ட ரெண்டு ஸ்டாண்டர்ட் டிரிங்க் (ஒண்ணுன்னா 12 சதவீத ஒயின் 5 அவுன்ஸ்) ஆயிடுது. மூணு ஒயினரின்னா அஞ்சுக்கு மேல. ரத்தத்துல இருக்கற ஆல்கஹாலுக்கு சட்டத்துல எல்லை 0.08 சதவீதம், அதுக்கு கீழ இருந்தாலும் ஓட்டறது தடுமாறினா கேஸ் போடலாம். அதனால ஒரு நாளைக்கு ரெண்டு இடம் போதும், யார் ஓட்டறதுன்னு காலைலயே முடிவு பண்ணி அவங்க ஒரு வாய் கூட குடிக்கக் கூடாது. கூட்டிட்டுப் போறவர் அத்தானா இருந்தாலும் இத நேரா சொல்லிடுங்க, மரியாதைக்கு பாத்து சும்மா இருக்காதீங்க. தொறந்த பாட்டில டிக்கிலதான் வைக்கணும், உங்க மினிவேன்ல தனி டிக்கி இல்லாததால யாரும் உக்காராத கடைசி பகுதில வைங்க, டேஷ்போர்டு பெட்டில வைக்கறதும் குத்தம்தான்.

சாண்டா ரோசால இருந்து நாபாவுக்கு ஹைவே 12ல கென்வுட், சொனோமா ஊர் வழியா போங்க. ஆப் சில சமயம் ட்ரினிட்டி ரோடு, ஓக்வில் கிரேடுன்னு மலைமேல குறுக்கு வழி காட்டும், செங்குத்தான கொண்டை ஊசி வளைவுங்க, பையன் வாந்தி எடுப்பான். நாபாக்குள்ள 29ல செயின்ட் ஹெலினா பக்கம் நெரிசலா இருந்தா பக்கத்துலயே ஓடற சில்வராடோ டிரெயில் எடுங்க. பெருமழைனா ஹைவே 37ம், ரஷ்யன் ரிவர ஒட்டின 116ம் தண்ணி நிக்கும். குடிக்காத அப்பா அம்மாவையும் பையனையும் நாள் பூரா ஒயினரில உக்கார வைக்கறது பாவம், ஒரு நாள சாண்டா ரோசா ஸ்னூப்பி கார்ட்டூன் மியூசியத்துக்கும் ஆம்ஸ்ட்ராங் ரெட்வுட் காட்டுக்கும் ஒதுக்குங்க. காட்டுல பாதை சமதளமாத்தான் இருக்கும், பெரியவங்களால நடக்க முடியும்.

திரும்பும்போது 7 மணிக்கு கிளம்புங்க. 9 மணி வாக்குல லிவர்மோர், 580 பக்கத்துலயே சிவா விஷ்ணு கோயில், நடை தொறக்கற நேரம் மட்டும் முன்னாடியே பாத்துக்கோங்க. சாமி கும்பிட்டு 10 மணிக்கு கிளம்பி ஐ-5 தொடும்போது வழக்கமா ஃபாக் கலைய ஆரம்பிச்சிருக்கும், கிரேப்வைனையும் வெளிச்சத்துலயே தாண்டிடலாம். ஒருவேளை ஃபாக்ல மாட்டினா லோ பீம் மட்டும் போடுங்க, ஹை பீம் போட்டா ஃபாக்லயே பட்டு கண்ணக் கூசும். லேன் மாத்தாதீங்க, ரோட்டோரம் நிறுத்தாதீங்க, அடுத்த எக்ஸிட்ல இறங்கி ஏதாவது பார்க்கிங்ல காத்திருங்க. கிரேப்வைன் 4,000 அடிக்கு மேல, பனி விழுந்தா மூடிடுவாங்க, அதனால கெட்டில்மேன் சிட்டில நிறுத்தி பெட்ரோல் ஃபுல் பண்ணும்போதே கால்ட்ரான்ஸ் குவிக்மேப்ல (மாநில ரோடு துறையோட ஆன்லைன் மேப்) பாருங்க. மூடியிருந்தா ஆப் டெஹாச்சபி பக்கம் சுத்தச் சொல்லும், அதுவும் உயரமான மலைதான், அங்கயும் பனி இருக்கும். நீங்க லாஸ்ட் ஹில்ஸ்ல 46ல திரும்பி பாசோ ரோபிள்ஸ் போயி 101 பிடிங்க, அதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும், அங்கயே ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் வீடு போயி சேருங்க.