பவுலின் பட்டியலில் இல்லாத பெண்கள்

கேள்வி: ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் என்னைச் செய்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கல்லறைக்குச் சென்ற பெண்களைப் பற்றிப் பேச நினைக்கிறேன். ஆனால், உயிர்த்தெழுதலின் சாட்சிகளாகப் பவுல் 1 கொரிந்தியர் 15இல் குறிப்பிடுகிறவர்களில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லையே என்று சபை மூப்பர் ஒருவர் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: மூப்பர் சொல்வது உண்மைதான், அதை மறுக்க முயல வேண்டாம். கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறு பேருக்கும் அதிகமான சகோதரர், யாக்கோபு என்று செல்லும் அந்தப் பட்டியலைத் தொடங்கும்போதே, தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புவிப்பதாகப் பவுல் சொல்கிறார். ஆகவே அது சபையில் ஏற்கெனவே வழங்கிவந்த சுருக்கமான அறிக்கை. பெண்களின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் வெளிப்படையாகவே எழுதியிருக்கும் சூழலில், பிறர் முன் சொல்வதற்கான அறிக்கையில் அவர்கள் விடுபட்டிருந்தால் வியப்பதற்கில்லை.

உங்கள் செய்தியின் மையமாக மாற்கு நற்செய்தியின் மூன்று வசனங்களை வைத்துக்கொள்ளுங்கள். சீஷர்கள் எல்லாரும் ஓடிப்போன பிறகு (14:50), மகதலேனா மரியாளும் யாக்கோபின் தாயாகிய மரியாளும் சலோமேயும் சிலுவை மரணத்தைத் தூரத்தில் நின்று பார்த்தார்கள் (15:40). இரண்டு மரியாள்களும் உடல் வைக்கப்பட்ட இடத்தைப் பார்த்தார்கள் (15:47). மூவரும் வாரத்தின் முதல் நாள் அதிகாலையில் அதே கல்லறைக்குச் சென்றார்கள் (16:1, 2). அடக்கத்தின்போது சலோமேயின் பெயரைச் சேர்க்காமல் விடும் அளவுக்கு மாற்கு கவனமாக எழுதுகிறார். மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், உயிர்த்தெழுந்தார் என்று பவுல் சொல்லும் மூன்றையும் மாற்குவின் விவரிப்பில் தொடர்ந்து பின்பற்றிச் சென்றவர்கள் இப்பெண்களே. அரிமத்தியா யோசேப்பு அடக்கத்தைச் செய்தார் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை அவரைக் காணோம்.

அப்பெண்கள் பயத்தினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்கிற 16:8ஐ யாராவது எடுத்துக் காட்டலாம். அதை மறைக்காமல் நீங்களே வாசித்துவிடுவது நல்லது. அவர்கள் சொன்னது அப்போஸ்தலர்களுக்கு வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்காவும் (24:11) ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கட்டுக்கதை புனைகிறவர்கள் இத்தகைய சாட்சிகளைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள் என்ற வாதம் வலுவானதுதான். ஆனாலும் அதுவே முழு நிரூபணம் என்பதுபோல் பேச வேண்டாம்.

மகதலேனா மரியாளை விபசாரி என்று சொல்லிவிடாதீர்கள். ஏழு பிசாசுகள் நீங்கியவள் என்றே லூக்கா 8:2 சொல்கிறது. 591இல் போப் முதலாம் கிரகோரி ஆற்றிய பிரசங்கம் அவளையும் லூக்கா 7இன் பாவியான ஸ்திரீயையும் ஒருவராக்கியதிலிருந்து மேற்கத்திய சபைகளில் இந்தக் குழப்பம் வேரூன்றியது. கத்தோலிக்கத் திருச்சபை 2016இல் அவளுடைய ஜூலை 22 நினைவுநாளை, அப்போஸ்தலர்களுக்குரிய நாள்களைப் போலவே, விழாவாக உயர்த்தியிருக்கிறது. மூப்பரிடம் இதையும் சொல்லலாம்.