அம்மாவுக்கு டிமென்ஷியாவோ என்று சந்தேகம். நோயை எப்படிப் புரிந்துகொள்வது, பராமரிப்புக்கு உதவி எங்கே கிடைக்கும்?

நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. அம்மாவுக்கு 72 வயது, மதுரையில் உங்களோடு இருக்கிறார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். தன் வளையலை மருமகள் எடுத்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறார். சாயங்காலமானால் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புகிறார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். உங்கள் மனைவி அழுது ஓய்ந்து போயிருக்கிறார்.

டிமென்ஷியா என்கிற மறதி நோயில் அதிகம் பேருக்கு வரும் வகை அல்சைமர். அது வந்த என் மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருமகள் நான். அதனால் வளையலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்கும் மூளைப்பகுதிதான் அல்சைமரில் பெரும்பாலும் முதலில் சேதமாகிறது. அதனால் நாற்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணத்தில் யார் என்ன சீர் செய்தார்கள் என்பது பிசகாமல் ஞாபகம் இருக்கும், காலையில் சாப்பிட்ட இட்லி ஞாபகம் இருக்காது. உங்கள் அம்மா வளையலைப் பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கோ ஒளித்து வைக்கிறார். ஒளித்து வைத்தது பதியவே இல்லை. கையில் வளையல் இல்லை என்பது மட்டும் நிஜம். யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மூளை அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. அந்த "யாரோ" எப்போதும் கூடவே இருப்பவராகத்தான் இருப்பார். வெளியூரில் இருக்கும் மகள் மேல் பழி விழாது, குளிப்பாட்டிச் சோறு போடுகிற மருமகள் மேல் விழும். என் அத்தை சங்கிலியைத் தலையணை உறைக்குள் வைத்துவிட்டு என்னைத்தான் கேட்டார்கள்.

இதை உங்கள் மனைவியிடம் தனியாகச் சொன்னால் போதாது. அக்கா தங்கை, சித்தி, பக்கத்து வீட்டார் எல்லோர் முன்னாலும் "இது நோய் பேசுவது, இவள் எதையும் எடுக்கவில்லை" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மகன் சொன்னால்தான் அது எடுபடும். அம்மாவிடம் "நான் எடுக்கலை" என்று வாதாடுவதில் பலன் இல்லை. "காணோமா, வாங்க சேர்ந்து தேடுவோம்" என்று கூடப் போய்த் தேடினால் கோபம் தணியும். தங்கத்தை லாக்கரில் வைத்துவிட்டுக் கையில் கவரிங் வளையல் போட்டுவிடுங்கள், அதே மாதிரி இன்னொரு ஜோடியும் வீட்டில் இருக்கட்டும். நகைகளை உங்கள் தங்கையையோ அக்காவையோ வைத்துக்கொண்டு எழுதிவிடுங்கள். நாளைக்கு வேலைக்கு ஆள் வைத்தால் அடுத்த பழி அந்தப் பெண் மேல்தான் விழும். அவளுக்கும் அது பாதுகாப்பு.

"வயசானா அப்படித்தான்" என்பதை ஏற்காதீர்கள். 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். வயதானால் எல்லோருக்கும் வருவது என்றால் நூற்றில் மற்ற 92 பேருக்கு ஏன் வரவில்லை?

அடுத்து செய்ய வேண்டியது ஒரு நரம்பியல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ பார்ப்பது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல், மனநலப் பிரிவுகள் உண்டு, மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும்தான். சென்னைக்கு வர முடிந்தால் கிண்டியில் 2024 பிப்ரவரியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். போவதற்கு முன் எது எப்போது ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் பத்து நிமிடம் உங்கள் அம்மா தெளிவாகப் பேசிவிடுவார். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு எடுத்துப் போங்கள். சில தூக்க மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் சில மாத்திரைகள் மறதியை மோசமாக்கும். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மன அழுத்தம், எப்போதோ விழுந்ததில் மூளை மேல் மெதுவாகச் சேர்ந்த ரத்தக்கட்டு இவையும் டிமென்ஷியா மாதிரியே தோன்றும், இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அதற்காகத்தான்.

அல்சைமர்தான் என்று தெரிந்தால் டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமண்டின் போன்ற மருந்துகளில் ஏதாவது தருவார்கள். சிலருக்குக் கொஞ்ச காலம் கை கொடுக்கும், நோயை நிறுத்தாது. டொனெபெசிலில் வயிற்றுப்போக்கு வரலாம், நாடித்துடிப்பு குறையலாம், வந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மருந்தைவிட நான் அதிகம் பயப்படச் சொல்வது, ராத்திரி தூங்காமல் கத்துகிறார் என்று மனநோய் மாத்திரையை எடுத்த எடுப்பில் கொடுத்து அடக்குவதை. டிமென்ஷியா வந்த முதியவர்களுக்கு அந்த வகை மருந்துகளால் பக்கவாதமும் மரணமும் கூடும் ஆபத்து இருக்கிறது. வேறு வழியில்லாத நேரம் வரலாம், அப்போதும் குறைந்த அளவில், எத்தனை நாளைக்கு என்று கேட்டு வாங்குங்கள். இல்லாத குழந்தைகள் அறையில் நிற்பதாகச் சொல்வது, உடம்பு விறைப்பது, அடிக்கடி விழுவது இருந்தால் லூயி பாடி என்ற டிமென்ஷியா வகையாக இருக்கலாம். அதில் இந்த மாத்திரைகள் ரொம்பவே ஆபத்து, கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நேற்றுவரை ஓரளவு இருந்தவர் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழம்பினால் அது டிமென்ஷியா முற்றியது என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைந்ததோ, நீர்ச்சத்து இல்லாததோ காரணமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி.

சாயங்கால விஷயம் இந்த நோயில் சகஜம். இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள், டிவி சத்தத்தைக் குறையுங்கள். "இதுதானே உன் வீடு" என்றால் சண்டைதான் வரும். "சரிம்மா, காபி குடிச்சுட்டுப் போகலாம்" என்றால் பாதி நாள் காபியோடு அது ஓய்ந்துவிடும். மீதி நாள் தெருமுனைவரை கூட நடந்துவிட்டு வாருங்கள். புடவையிலோ சட்டையிலோ போன் நம்பரைத் தைத்து வையுங்கள், ஆட்டோ ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் முகத்தைக் காட்டிச் சொல்லி வையுங்கள். பாத்ரூம் உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், ராத்திரி கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

இப்போது நான் சொல்ல நினைத்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் உதவி தேவைப்படுவது உங்கள் மனைவிக்கு. ஒரே ஆளால் இதைச் செய்ய முடியாது, எவ்வளவு பாசம் இருந்தாலும் முடியாது. ராத்திரி யார் விழித்திருப்பது என்பதை முதலில் பங்கு போடுங்கள். இரண்டு ராத்திரி தொடர்ந்து தூங்காதவர் மூன்றாவது நாள் பொறுமையாக இருக்க மாட்டார். உடன்பிறந்தவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். வந்து பார்க்க முடியாதவர் ஆள் வைக்கும் சம்பளத்தைத் தரட்டும், பணம் இல்லாதவர் மாதத்தில் ஒரு வாரம் வந்து இருக்கட்டும். போனில் ஆலோசனை சொல்வதை யாரும் பங்காகக் கணக்கு வைக்கக் கூடாது.

ஆள் வைப்பதென்றால் "படுத்த படுக்கையான பேஷண்டைப் பார்த்திருக்கிறேன்" என்பவர் இதற்குப் போதாது; நடமாடும், சந்தேகப்படும் மறதி நோயாளியைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். முதல் சில நாட்கள் வீட்டில் ஒருவர் கூடவே இருங்கள். முதியோர் இல்லம் பார்த்தால், எழுந்து வெளியே போகிறவர்களைச் சேர்ப்பார்களா, படுக்கையானால் வெளியே அனுப்பிவிடுவார்களா என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். இல்லத்தில் விடுவது பாவம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வீட்டில் பார்க்க முடியாத கட்டம் சிலருக்கு வரத்தான் செய்யும்.

சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் டெம்கேர்ஸ் என்ற பெயரில் டிமென்ஷியாவுக்கென்று தனிச் சேவை நடத்துகிறது. 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையில் கிளை உண்டு. இதே நிலையில் இருக்கும் குடும்பங்களோடு பேச ஆசைப்பட்டால் இப்படிப்பட்ட இடங்களில் விசாரியுங்கள். முதியோருக்கான 14567, மனநலத்துக்கான டெலிமானஸ் 14416 இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். 14416-ஐ உங்கள் மனைவி தனக்காகவே கூப்பிடலாம். பின்னால் அம்மா படுக்கையாகிவிட்டால் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பெயரைக் கொடுத்து வையுங்கள்.

பணம் காசு விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். அம்மா புரிந்து கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குங்கள், நாமினியைச் சரிபாருங்கள், உயில் எழுத விரும்பினால் டாக்டர் சான்றோடு எழுதட்டும். அம்மா சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரமான பவர் எழுதி வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் சட்டப்படி எழுதிக் கொடுத்தவர் மனநிலை தவறியதும் அந்தப் பவர் செல்லாது. அதற்குப் பிறகு பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கும். பென்ஷன் வாங்குகிறவர் என்றால் உயிர்வாழ் சான்றுக்கு அவரை அலைக்கழிக்க வேண்டாம், தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார். பழைய வருமான வரி முறையில் இருந்தால், நோயின் பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று நரம்பியல் நிபுணர் சான்று தந்தால், மூத்த குடிமகனின் சிகிச்சைச் செலவில் ஒரு லட்சம் வரை கழிவு கேட்கலாம்.

மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். உங்கள் மனைவிக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் என்னை இங்கேயே கேட்கச் சொல்லுங்கள், நான் பதில் எழுதுவேன்.