மாரி மழையிலும் வறண்ட கச்சான் காற்றிலும் குஞ்சு பொரிக்கும் முட்டைப் பெட்டிக்கு எவ்வளவு தண்ணி? கேள்வி பதில் (கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர், எல்லாம் திருகோணமலைப் பக்கம்)

நிலாவெளி: அண்ணா, ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் 30 ஊர்க்கோழி முட்டை வைத்தேன். 21ஆம் நாள் ஓட்டைக் கொத்தித் துளை போட்ட குஞ்சுகளில் பாதி அப்படியே செத்துவிட்டன. உடைத்துப் பார்த்தால் ஊதிப்போய்ப் பிசுபிசுவென்று ஈரம். மார்கழி மழை நேரம், தண்ணித் தட்டை வற்றவே விடவில்லை.

வற்ற விடாததுதான் தம்பி சிக்கல். வெளியில் 27 பாகையில் 85 சதவீத ஈரத்தோடு இருக்கிற காற்று பெட்டிக்குள் 37.5 பாகைக்குச் சூடானாலே 47 சதவீதம் அளவில் வந்து நிற்கும், முதல் 18 நாளுக்கு முட்டை கேட்பது 45 முதல் 55 வரைதான், பிறகு எதற்குத் தட்டு? முட்டை அந்த 18 நாளில் தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதத்தை இழக்க வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும், குஞ்சு முதல் மூச்சை அங்கிருந்துதான் எடுக்கிறது. அறை சின்னதாக இருந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அடுத்த மாரியில் அந்த 18 நாளும் தட்டைக் காயவிட்டு வையுங்கள், 45க்குக் கீழே போனால் மட்டும் கொஞ்சம் ஊற்றலாம்.

தம்பலகாமம்: எனக்கு நேர்மாறு. கச்சான் அடிக்கிற ஆடி மாதம், ஈரம் அளக்கும் மீற்றர் 35ஐத் தாண்டவில்லை. பெரிய போத்தலை வெட்டி நிறையத் தண்ணி வைத்தும் ஏறவில்லை.

ஆழம் உதவாது, தண்ணீரின் மேற்பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் ஆவியாகும். போத்தலை எடுத்துவிட்டுத் தட்டையான தட்டு வையுங்கள், அதில் ஒரு ஸ்பொஞ்சை நிமிர்த்தி வைத்தால் இன்னும் ஏறும். ஊற்றுவது வெதுவெதுப்பான தண்ணியாக இருக்கட்டும். ஈரம் ஏறவேண்டும் என்று காற்றுத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது உயிர், அதற்கும் மூச்சு வேண்டும்.

கிண்ணியா: இரண்டு மீற்றர் வாங்கினேன். ஒன்று 48, மற்றது 63 காட்டுகிறது. எதை நம்புவது?

நானா, இரண்டையும் இப்போதைக்கு நம்பவேண்டாம். ஒரு மூடியில் கறியுப்பைப் போட்டு, கரையாமல் சேறு மாதிரி நிற்கும் அளவுக்குச் சில துளி தண்ணி விடுங்கள். மீற்றர்களோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால் இரண்டும் 75 காட்டவேண்டும். ஒன்று 83 காட்டினால் அது எப்போதும் 8 கூட்டிச் சொல்கிறது என்று ஒட்டி எழுதிவிடுங்கள், வேலை முடிந்தது.

மூதூர்: மீற்றரே இல்லாமல் முடியாதா?

முடியும், எனக்கு அதுதான் பிடித்த வழியும். முட்டையை வைக்கும் நாளில் நிறுத்து எழுதுங்கள்: 50 கிராம் முட்டை 18ஆம் நாள் 44 கிராம் அளவில் நிற்கவேண்டும். தராசு இல்லையென்றால் 7, 14, 18ஆம் நாட்களில் இருட்டறையில் டோர்ச் அடித்துக் காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் கோடுபோடுங்கள். கோடு நகரவில்லை என்றால் ஈரம் கூட, வேகமாக இறங்கினால் குறைவு. மலிவான மீற்றர் பொய் சொல்லும், முட்டை சொல்லாது.

உவர்மலை: வாத்து முட்டைக்கும் இதே கணக்கா அண்ணா?

ஏறக்குறைய இதேதான். கடைசி மூன்று நாளுக்கு ஈரத்தைக் கூட்டவேண்டும்: கோழிக்கு அது 18ஆம் நாளில், வாத்துக்கு 28 நாள் என்பதால் 25ஆம் நாளில்.

சாம்பல்தீவு: கடைசி மூன்று நாளும் 70 வைத்தும், பாதிக் குஞ்சு வந்தபின் மீதி ஓட்டோடு ஒட்டிச் செத்தது.

மூடியைத் திறந்திருப்பீர்கள், வந்த குஞ்சைத் தூக்கத்தான். அந்த நொடியில் ஈரம் கொட்டிவிடும், துளை போட்ட முட்டைகளின் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வந்த குஞ்சு வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள் கருவை வைத்து ஒரு நாள் தீனியின்றித் தாங்கும். கத்தட்டும், மற்றதுகள் வரும்வரை உள்ளேயே கிடக்கட்டும்.