அப்பத்தா கையால் தைத்த பழைய பாவாடையைப் பிரித்தால் துணி தேறுமா?

அப்பத்தா கைத்தையலாகத் தைத்த பருத்திப் பாவாடை பல வருஷமாகப் பெட்டியில் கிடக்கிறது, பிரித்தால் துணி தேறுமா, எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தேறும். கத்தரியால் தையலை ஒட்டி வெட்டாமல் பொறுமையாகப் பிரித்தால், உள்ளே மடித்துவிட்ட துணியும் சேர்ந்து கிடைக்கும்.

எனக்கு ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊரான தேவிபட்டினம். எங்கள் பக்கம் பெட்டிக்குள் பூட்டி வைத்த துணியிலும் உப்புக்காற்றின் பிசுபிசுப்பு ஏறிவிடும். அதனால் பிரிப்பதற்கு முன்பே அலசுங்கள். பிரித்த பிறகு துவைத்தால் வெட்டு விளிம்பெல்லாம் நூல் நூலாக உதிரும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் காவிரித் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், நிழலில் காயட்டும்.

இடுப்பில் கொக்கி இருந்தால் நனைப்பதற்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள். கடற்கரை ஊரில் அது துருப்பிடிக்காமல் இருக்காது. துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறு கேட்கும். ஆனால் சாயமும் வெளுக்கலாம், உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பிளீச்சிங் மட்டும் போடவே கூடாது, கறை இன்னும் அழுத்தமாகிவிடும்.

மிஷின் தையலில் மேல்நூல், அடிநூல் என்று இரண்டு உண்டு. கைத்தையலில் ஒரே நூல்தான். ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிய ஓட்டுத்தையல் என்றால் முடிச்சை வெட்டிவிட்டு ஊசி முனையால் நெம்பினாலே உருவிக்கொண்டு வரும். இடுப்புப் பட்டியில் பெரும்பாலும் பின்தையல், அதாவது ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பின்னால் கொண்டுபோய்க் குத்தி எடுக்கிற தையல் போட்டிருப்பார்கள். அதை இழுக்காதீர்கள், இற்ற துணி என்றால் நூலுக்கு முன்னால் துணி கிழியும். தையலுக்குத் தையல் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஃபேன்ஸி ஸ்டோரில் தையல் பிரிக்கிற சின்னக் கருவி கிடைக்கும், அது போதும்.

சின்னப் பிள்ளைக்குத் தைத்தது என்றால் கீழே துணியைச் சுற்றிலும் மடித்துத் தைத்து டக் பிடித்திருப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து நீளம் விடுவதற்கு. எங்கள் அப்பத்தா, பரமக்குடி பக்கத்தில் இருக்கிற எமனேசுவரத்தில் நெய்த கைத்தறிச் சேலையை வெட்டி எனக்கு ஒரு பாவாடை தைத்திருந்தார். அதில் பிரிக்காமலே விட்ட கடைசி டக்கை நான் பிரித்தபோது, வெளியே வெளுத்துப் போயிருந்த பச்சை உள்ளே புதுச்சேலை மாதிரியே இருந்தது. இரண்டு விரல் அகலப் பட்டை, அதன் ஓரத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு துளையாகக் கோடு பிடித்த மாதிரி ஊசித் தடம். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தைத்த தையல் அது. எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை அன்று இன்னும் கூடியது. உங்கள் துணியிலும் அப்படி ஒரு பட்டை வந்தால் மறைக்காதீர்கள், கண்ணில் படுகிற மாதிரியே வைத்துத் தையுங்கள். மற்ற இடங்களில் துளை தெரிந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்து அயர்ன் செய்யுங்கள், பெரும்பாலும் அடைந்துவிடும்.

ஒவ்வொரு துண்டிலும் பாவு நூல் (நெசவில் நீளவாக்கில் ஓடும் நூல்) போகும் திசையைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு அடையாளம் தெரியாது, குறுக்கே வெட்டிவிட்டால் தைத்த உடுப்பு இழுத்துக்கொண்டு நிற்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நைந்த இடத்தை ஒதுக்குங்கள். பை, தலையணை உறை போன்ற இழுபடும் சாமானுக்கு இந்தத் துணி ஆகாது. பிறந்த பிள்ளைக்குச் சட்டை தைக்க இதைவிட நல்ல துணி கடையில் கிடைக்காது. கொக்கி, பட்டன் வைக்காமல் அதே துணியில் நாடா வைத்துத் தையுங்கள்.