ரஃபேலின் மாதா ஓவியத்தில் அந்தப் பறவை எதற்காக?

இத்தாலிய ஓவியர் ரஃபேல் 1505–06 வாக்கில் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய, இன்று ஃபுளோரன்ஸின் உஃபிசி காட்சிக்கூடத்தில் உள்ள ‘கோல்ட்ஃபின்ச் மாதா’ ஓவியத்தில், சிறுவன் யோவான் (பின்னாளில் திருமுழுக்கு யோவான்) நீட்டும் கோல்ட்ஃபின்ச் பறவையைக் குழந்தை இயேசு வருடுவது வெறும் விளையாட்டன்று. சிலுவை சுமந்தவரின் தலையில் தைத்த முள்ளை அப்பறவை பிடுங்கியபோது தெறித்த இரத்தமே அதன் முகத்துச் சிவப்பு என்பது கிறிஸ்தவ மரபுக்கதை. ஆகவே அது இயேசுவுக்கு வரவிருக்கும் சிலுவைப் பாடுகளின் முன்னறிவிப்பு. மாதா, இயேசு, யோவான் மூவரையும் ஒரே முக்கோணத்துக்குள் அடக்கியதும், விளிம்புக்கோடு தெரியாமல் ஒளியை நிழலில் கரைக்கும் ஸ்ஃபுமாட்டோ உத்தியும் லியோனார்டோவின் தாக்கம். ஆனால், தாயின் பாதத்தின்மேல் பதிந்திருக்கும் குழந்தையின் சின்னஞ்சிறு பாதத்தை அவசியம் உற்றுப் பாருங்கள்; அந்த நெருக்கம் ரஃபேலுக்கே உரியது. முன்பொருமுறை தான் இருந்த வீடு இடிந்து துண்டுதுண்டாக உடைந்த இப்பலகை, 2008இல் நிறைவடைந்த நீண்ட சீரமைப்புக்குப் பிறகே தன் மூல வண்ணங்களைத் தெளிவாகக் காட்டுகிறது.