அறுவைசிகிச்சை முடிந்த சிசுவின் சாப்பாடு: கேள்வி பதில்

கேள்வி: பிறந்த இரண்டாம் நாளே எங்கள் மகனுக்குக் குடல் அடைப்பு அறுவைசிகிச்சை நடந்தது. ஐந்து நாளாகச் சொட்டுப் பால் இல்லை. பட்டினி போட்டிருக்கிறார்களா டாக்டர்?

பதில்: இல்லை அம்மா. அந்த மெல்லிய குழாயில் இறங்குவதுதான் அவன் சாப்பாடு. குழாய் போகும் இடத்தை நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது சிரை என்னும் இரத்தக் குழாய். பையில் குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், உப்புகள், வைட்டமின்கள் இருக்கும். பக்கத்தில் வெள்ளையாகத் தொங்குவது கொழுப்பு. வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் குழந்தை தன் தசையையே கரைத்துக்கொள்ளும். நிறைமாதக் குழந்தைக்கே நாளொன்றுக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் புரதம் போய்விடும். சிறுகுடல் ஏறக்குறைய முழுவதும் இல்லாமல் பிறந்த ஒரு பெண் சிசுவைச் சிரைவழி உணவாலேயே வளர்த்ததை, பிலடெல்பியாவின் வில்மோரும் டட்ரிக்கும் 1968இல் எழுதினார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தக் குழாயில் யாராவது இரத்தம் எடுக்கவோ வேறு மருந்து ஏற்றவோ வந்தால், ஏன் என்று கேளுங்கள். கிருமிக்கு அதுதான் வாசல்.

கேள்வி: முதுநிலை மாணவன் நான். பெரிய அறுவைக்குப் பின் பெரியவர்களுக்குப் புரதச் சிதைவு ஏறுகிறதே, சிசுவுக்கும் புரதத்தை இரட்டிப்பாக்கலாமா?

பதில்: கூடாது தம்பி. பெரியவர் கணக்கை எடையால் வகுத்தால் சிசுவின் கணக்கு வராது. அறுவைக்குப் பின் சிசுவின் ஆற்றல் செலவு சுமார் நான்கு மணி நேரத்தில் உச்சம் தொட்டு, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. மொத்தப் புரதச் சுழற்சியும் (உடல் புரதத்தைக் கரைத்துத் திரும்பக் கட்டும் வேகம்) குறிப்பிடும்படி உயர்வதில்லை. வளர்ச்சிக்கு ஒதுக்கிய பங்கைக் காயம் ஆற்றத் திருப்பிக்கொள்கிறது என்பதே பொதுவான விளக்கம்.

ஆகவே நிறைமாதச் சிசுவுக்கு நாளுக்குக் கிலோவுக்கு 1.5 முதல் 3 கிராம், குறைமாதத்துக்கு 3.5 வரை. அதற்கு மேல் கொடுத்தால் இரத்தத்தில் யூரியாக் கழிவுதான் ஏறும். கூடவே கலோரி வேண்டும்: ஒரு கிராம் புரதத்துக்கு 30 முதல் 40. இல்லையேல் வீடு கட்ட வாங்கிய மரத்தை அடுப்பில் வைத்த கதை.

வலியையும் புரதக் கணக்கில் சேருங்கள். 1987இல் ஆனந்தும் குழுவினரும், பிறந்தபின் மூடாமல் நின்ற, இதயத்தருகே உள்ள இரத்த நாளத்தைக் கட்டும் (பி.டி.ஏ.) அறுவைக்கு வந்த குறைமாதச் சிசுக்களில் ஒரு பகுதியினருக்கு ஃபென்டனில் என்ற வலிநீக்கி கொடுத்தார்கள். கொடுக்கப்படாதவர்களின் சிறுநீரில்தான் தசைச் சிதைவின் அடையாளம் கூடுதலாக வந்தது. சிசுவுக்கு வலியே தெரியாது என்று நம்பியவர்கள் அன்று நிறையப் பேர்.

கேள்வி: புரதப் பொடியைக் கரைத்துச் சிரைக் குழாயில் ஏறும் உணவில் கலக்கலாமா?

பதில்: கூடவே கூடாது.

கேள்வி: செவிலியர் நான். பை கலங்கலாக இருந்தால்?

பதில்: ஏற்றாதீர்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிந்திருக்கலாம். மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்புங்கள் சிஸ்டர். நல்ல பையாக இருந்தாலும் அதே குழாயில் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: டாக்டர், 2016இல் வந்த பெப்பானிக் ஆய்வைச் சொல்லாமல் விட்டீர்களே! 1440 குழந்தைகளில், சிரை உணவை எட்டாம் நாள்வரை தள்ளிப்போட்டவர்களுக்குப் புதிய தொற்று 10.7 சதவீதம், உடனே தொடங்கியவர்களுக்கு 18.5.

பதில்: விடவில்லை ஐயா, இதற்காகத்தான் காத்திருந்தேன். லூவன், ரோட்டர்டாம், எட்மண்டன் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த நல்ல ஆய்வு. ஆனால் குறைமாதச் சிசுக்கள் அதில் இல்லை.

கேள்வி (அவரே): நிறைமாதச் சிசுக்கள் 209 பேர் இருந்தார்களே. இரத்தச் சர்க்கரை கூடுதல் பேருக்குத் தாழ்ந்தது தவிர, அவர்களுக்கும் தள்ளிப்போட்டதால் பெரிய கெடுதல் இல்லை.

பதில்: ஒப்புக்கொள்கிறேன். நிறைமாதக் குழந்தை, சில நாளில் பால் குடித்துவிடும் என்றால் நானும் அவசரப்பட மாட்டேன். ஆனால் குடல் வெளியே தள்ளிப் பிறந்த, 1.4 கிலோ குறைமாதக் குழந்தையை எட்டு நாள் குளுக்கோஸில் வைக்கச் சொன்னால் என் கை வராது. உங்கள் கை வருமா?

கேள்வி (அவரே): வராது. ஆனால் முதல் நாளே மூன்று கிராமும் ஏற்ற மாட்டேன்.

பதில்: அப்படியானால் நாம் சண்டை போடுவது இரண்டு நாளுக்காக.

கேள்வி: என் பேத்திக்கும் அறுவைசிகிச்சை, பால் இல்லை. பட்டினியா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: பால் கொடுக்காமல் எத்தனை நாள் பட்டினி?

பதில்: முதல் பதில், முதல் வரி. தயவுசெய்து.

கேள்வி: மூன்று வாரமாக டி.பி.என். (முழுச் சிரைவழி உணவு). கண் மஞ்சளாகிறது.

பதில்: நீண்ட நாள் சிரை உணவில் பித்தம் தேங்கலாம். மலம் வெளுத்திருந்தால் இன்றே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். கொழுப்பின் வகையையும் அளவையும் அவர் மாற்றிப் பார்ப்பார்.

கேள்வி: குடிக்க முடியாத குழந்தைக்காக நான் பால் பீய்ச்சி என்ன பயன்?

பதில்: பீய்ச்சுங்கள் அம்மா, நிறுத்தாதீர்கள். தேதி எழுதிச் சேமிக்கச் சொல்லுங்கள். மருத்துவர் அனுமதித்ததும் ஒரு மில்லியில் தொடங்குவோம். அந்த ஒரு மில்லி வாய் அல்லது மூக்குக் குழாயில்தான் போகும். சிரைக் குழாயை யாரும் தொட வேண்டாம்.